வெண்மதி பிரசன்ட்

எனக்கு அம்பத்திரண்டு வயசு. பேரு சந்திரலேகா. பேரைக் கேட்டு யாரும் ஏமாந்துட வேணாம், முட்டி ரெண்டும் தேஞ்சுபோன சமூக அறிவியல் டீச்சர். வீடு கடலூர் மஞ்சக்குப்பத்துல. வேலை, சிதம்பரத்தைத் தாண்டி கிள்ளை போற ரோட்டுல ஒரு கிராமத்து அரசுப் பள்ளிக்கூடத்துல. காலையில அஞ்சரைக்கு வீட்டுக்காரருக்கு இன்சுலின் ஊசி போட்டுட்டு, ஆறரை சிதம்பரம் பஸ்ஸப் புடிச்சு, அங்க எறங்கி ஒரு டீ குடிச்சு, டவுன் பஸ் மாறினா ஒம்போது மணிக்குப் போய் நிக்கலாம். சாயங்காலம் அதே கதை தலைகீழா. ஏழரைக்கு நான் வீட்டுக்குள்ள இருந்தாகணும். ஏழரைக்கு அவருக்கு ரெண்டாவது ஊசி.

அவரு பேரு பொன்னுரங்கம். பெண்ணாடத்துல சக்கரை ஆலையில இருவது வருஷம் இருந்தாரு. அங்கியே ரூம் எடுத்துத் தங்கி ஞாயித்துக்கெழம மட்டும் வீட்டுக்கு வருவாரு. மூட்டை கட்டுனது போக மிச்சத்தை ஒடம்புல ஏத்திக்கிட்டு வந்துட்டீங்கன்னு கிண்டல் பண்ணுவேன். இப்ப பண்றதில்ல. மூணு வருஷத்துக்கு முன்னாடி சக்கரை அவரு ரெண்டு கண்ணையும் எடுத்துடுச்சு. ஊசியில மருந்து எந்தக் கோடு வரைக்கும் ஏறியிருக்குன்னு அவரால பார்க்க முடியாது. ஒரே பொண்ணு காயத்ரி ஓசூர்ல குடும்பமா இருக்கா. மாடி வீட்டு ஆரோக்கியம்மாள் நல்ல மனுஷி, துள்ளற மீனைக் கூட அசராம ஆய்வா, ஊசியைக் காட்டுனா மட்டும் செவுத்தைப் புடிச்சுக்குவா. ஆக, நான்தான்.

இந்த இன்டர்நெட் வேலை இருக்கே, அதை யாரும் என்னைச் செய்யச் சொல்லல. வேலியில போன ஓணானை நானே எடுத்து மடியில விட்டுக்கிட்டது. ஒம்பதாம் வகுப்புக்கு மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் ஹிஸ்டரி. சத்துணவு உள்ள போன தெம்புல பசங்க கண்ணைத் தொறந்துக்கிட்டே தூங்கும். அதுங்களைச் சொல்லி என்ன பிரயோஜனம், பாடம் நடத்தற எனக்கே கொட்டாவி வரும். ஒரு நாள் எரிச்சல்ல போன்ல என்னத்தையோ தேடப் போனேன். எந்த தேசத்து லைப்ரரியோ, கடலூரோட பழைய மேப்பை யார் வேணா எடுத்துக்கங்கன்னு போட்டு வெச்சிருந்தான். தேவனாம்பட்டினம், ஆறு, கோட்டை எல்லாம் கையால வரைஞ்சது. ஓசியில குடுக்கறவனை நம்பாதன்னு சொல்லி வளர்த்த வீடு எங்க வீடு. இவன் என் பேரைக் கூடக் கேக்கல. அன்னிக்குப் புடிச்சது இந்தப் பித்து. பழைய ஃபோட்டோ, ஸ்கேன் பண்ணுன புத்தகம், மேலேர்ந்து ஊரைக் காட்டற மேப்பு, எல்லாம் சும்மா கெடக்குது. அள்ளறதுக்குத்தான் ஆளு இல்ல.

ஸ்கூல்ல கம்ப்யூட்டர் ரூம் இருக்கு. கரண்டு இருந்தா நெட்டு இருக்காது, நெட்டு இருந்தா கரண்டு இருக்காது. அதனால டவுன் பஸ் அண்ணாமலை நகரைத் தாண்டறதுக்குள்ள வேணுங்கறதை எல்லாம் போன்ல எறக்கிடுவேன். அது வரைக்கும்தான் போன்ல நெட்டு வேகமா வரும். ஒரு கை கம்பியில, ஒரு கை போன்ல. அப்புறம் பசங்களுக்குன்னு ஒரு வாட்ஸ்அப் குரூப்பு. காலையில ஊசி போட்ட கையோட அஞ்சு நிமிஷம் பாடத்தைப் பேசி ரெக்கார்டு பண்ணி அதுல போட்டுடுவேன். அப்பா அம்மா வேலை முடிஞ்சு வந்ததும் போனை வாங்கி அதுங்க கேக்கும். மொத ஆளா கேக்கறது என் வீட்டுக்காரருதான். தேதியா அடுக்கிக்கிட்டே போகாத லேகா, என்னா நடந்துச்சுன்னு சொல்லும்பாரு. கண்ணு போனதுலேர்ந்து அவரு காது ரொம்பக் கறார்.

இதுல எனக்குக் கெடைச்ச பரிசு என்னான்னா, டீச்சருக்கு நெட்டு தெரியும்னு ஸ்கூலோட எமிஸ்ங்கற கவர்மென்ட் ஆப் வேலை மொத்தமும் என் தலையில விழுந்துச்சு. எந்தப் புள்ள வந்துச்சு, எந்தப் புள்ள வரல, யாரு புதுசு, யாரு போனது, எல்லாம் அந்த ஆப்ல ஏத்தணும். ஹெச்செம் இளவரசு சாரோட பாஸ்வேர்டு அவருக்கே தெரியாது, எனக்குத்தான் தெரியும்.

வெண்மதி என் ஒம்பதாம் வகுப்புப் பொண்ணு. ஜன்னலோரம் ரெண்டாவது பெஞ்சு. வாயத் தொறக்காது, எழுதச் சொன்னா மட்டும் பேப்பர் கேட்டு மறுபடியும் வரும். ஜூன் நடுவுல அப்பங்காரன் வேற ஒருத்தியோட போயிட்டான். அம்மா மங்கலம் பதினஞ்சு நாள் பார்த்துட்டு, பனியன் கம்பெனியில வேலை இருக்குன்னு புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு திருப்பூர் போயிட்டா. கைப்புள்ளையைப் பார்த்துக்க வெண்மதி. யார்கிட்டயும் சொல்லல, டிசியும் வாங்கல. வெண்மதிக்குக் கூட்டாளி அனுப்பிரியா, அது வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அன்னிக்கே பேரை எடுத்திருக்கணும். எடுக்கல. ஏன்னு சொல்றேன். வருஷா வருஷம் ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி தலையை எண்ணுவாங்க. இத்தனை புள்ளைக்கு இத்தனை டீச்சர்னு கணக்கு. எங்களுக்கு நூத்தம்பது இருக்கணும். வெண்மதியோட சேர்த்து சரியா நூத்தம்பது. ஒண்ணு கொறைஞ்சா ஒரு டீச்சர் உபரி, எங்க எடம் காலியோ அங்க தூக்கிப் போட்டுடுவாங்க. ஸ்கூலுக்குக் கடைசியா வந்தவ நான். என் சப்ஜெக்டுக்கு ஜில்லாவுல காலியா இருந்த ஒரே எடம் பெண்ணாடத்துல. விதி எப்படி சிரிக்குது பாருங்க. பெண்ணாடத்துலேர்ந்து கடலூருக்கு விருத்தாசலம் சுத்தி வரணும். ரெக்கை கட்டிப் பறந்தாலும் ஏழரைக்கு வீட்டுல நிக்க முடியாது.

இளவரசு சார் கெட்டவரு இல்ல. ரூமுக்குக் கூப்புட்டு, மின்விசிறியைப் பார்த்துக்கிட்டே, அந்தப் பொண்ணு திரும்பி வந்தாலும் வரும் டீச்சர், ஆகஸ்ட் முடியட்டும்னாரு. யாருக்கு என்ன நஷ்டம்னாரு. எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. தெனமும் காலையில ஆப்பைத் தொறந்து பேரைப் படிப்பேன். வெண்மதி பேரு வரும்போது க்ளாஸு அப்படியே அமைதியா இருக்கும். நான் பச்சையைத் தட்டிட்டு அடுத்த பேருக்குப் போயிடுவேன். வெண்மதி பிரசன்ட். நாலு வாரம் அப்படித் தட்டுனேன். மொத நாள் கை கூசுச்சு. ஒரு வாரத்துல பழகிடுச்சு.

ஜூலையில குண்டுக் கதையை எடுத்தேன். பாடப்புத்தகத்துல இல்லாதது. முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி வெள்ளைக்காரன் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வெலைக்கு வாங்குனப்போ, கோட்டையோட சுத்துப்பட்டு நெலமும் வேணும்னான். எவ்ளோ தூரம்? கோட்டையிலேர்ந்து பீரங்கியைச் சுட்டா குண்டு எவ்ளோ தூரம் போவுதோ அவ்ளோ தூரம். நல்ல பீரங்கியா பார்த்து எல்லாத் தெசையிலயும் சுட்டான். குண்டு விழுந்த எடம் வரைக்கும் இருந்த ஊரெல்லாம் அவனுது. கடலூர்ல இன்னிக்கும் குண்டு சாலைன்னு ஒரு ரோடு இருக்கு. அதுல நான் ஆயிரம் தடவை போயிருக்கேன், ஏன் அந்தப் பேருன்னு யோசிச்சதே கெடையாது.

அன்னிக்கு அதிசயமா கரண்டும் நெட்டும் சேர்ந்து இருந்துச்சு. பழைய மேப்பை ஒரு பக்கம், இப்பத்த மேப்பை ஒரு பக்கம் போட்டு, கோட்டையிலேர்ந்து கோடு இழுத்து அளக்கச் சொன்னேன். தூங்கற பசங்க எழுந்து ஸ்கிரீன் கிட்ட வந்து நின்னுதுங்க. நம்ம ஊருல விழலையா டீச்சர்னு ஒருத்தனுக்கு ஒரே வருத்தம். ரொம்ப தூரம்டான்னேன். அப்ப பீரங்கி டம்மின்னுட்டான். தமிழ் டீச்சர் லீவுல இருந்ததால அந்தப் பீரியடையும் நானே வாங்கிக்கிட்டு, குண்டு உங்க வீட்டு வாசல்ல விழுந்ததா வெச்சு எழுதுங்கன்னேன். குரூப்புலயும் போட்டேன். முக்காவாசி பசங்க ரத்த ஆறா ஓட விட்டுடுச்சுங்க. ஒருத்தன் குண்டைத் திருப்பி எறிஞ்சு கோட்டையையே ஒடைச்சுட்டான்.

சாயங்காலம் பஸ்ஸுல பார்த்தா, மங்கலம் நம்பர்லேர்ந்து ஒரு வாய்ஸ். வெண்மதி. பின்னாடி கைப்புள்ள அழுவுது, அதுக்கு நடுவுல மெதுவா படிக்குது.

"நான் சோறு வடிச்சிக்கிட்டிருந்தேன். பொத்துன்னு சத்தம் கேட்டுச்சு. வெளிய வந்து பார்த்தா புளியமரத்தடியில ஒரு குழி. ஆடு கூட சாவல. யாருக்கும் அடி படலைன்னு எல்லாரும் சிரிச்சோம். மறுநாளு ஒருத்தரு வந்து குழியைப் பார்த்துட்டு, இந்த ஊரு இனிமே அவுங்களுதுன்னு சொல்லிட்டுப் போனாரு. யாருக்கும் அடி படலைன்னுதான் நாங்க நெனைச்சோம்."

முப்பது வருஷ சர்வீஸ்ல நான் கேட்டதுலியே நல்ல கட்டுரை அதுதான். புதுச்சத்திரம் வரைக்கும் மறுபடி மறுபடி போட்டுக் கேட்டேன். பக்கத்து சீட்டுக்காரம்மா மொறைச்சாங்க. வீட்டுல அவருக்கும் போட்டுக் காட்டுனேன். யாரு இதுன்னாரு. திருப்பூர்ல இருக்கற பொண்ணுன்னேன். அங்க எந்த ஸ்கூல்ல படிக்குதுன்னு கேட்டாரு. அந்தக் கேள்வி எனக்கு அது வரைக்கும் வரவே இல்ல. சத்தியமா வரல.

அவரு கேட்டதுக்குப் பதில் ஜூலை இருவத்தெட்டு, திங்கக்கெழம சாயங்காலம் வந்துச்சு. அதுவும் வாய்ஸ்தான். டீச்சர், அம்மா என்னை இங்க ஸ்கூல்ல சேக்கப் போச்சு. என் பேரு இன்னும் நம்ம ஸ்கூல்லியே இருக்குன்னு கம்ப்யூட்டர்ல காட்டுதாம், தெனமும் வந்துக்கிட்டிருக்கறதா இருக்குதாம். அங்க விட்டாத்தான் இங்க சேத்துக்குவாங்களாம். தம்பியைப் பாத்துக்க அங்கன்வாடியில எடம் கெடைச்சிடுச்சு. இந்த மாசத்துக்குள்ள ஸ்கூலு ஆவலைன்னா ஒண்ணாந்தேதியிலேர்ந்து அம்மா கம்பெனிக்கே கைமடி வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க, டெய்லர் பக்கத்துல நின்னு துணி எடுத்துக் குடுக்கணுமாம். பதினெட்டு வயசுன்னு எழுதிக்குவாங்களாம். கொஞ்சம் பாருங்க டீச்சர்.

கொஞ்சம் பாருங்க. திட்டியிருந்தா கூடத் தாங்கியிருப்பேன். நான் தெனமும் காலையில ஒரு வெரலால பச்சையைத் தட்டுனது, அங்க ஒரு ஸ்கூலோட கதவைச் சாத்தியிருக்கு. யாருக்கும் அடி படலைன்னுதான் நானும் நெனைச்சேன்.

செவ்வாக்கெழம காலையில ஹெச்செம் ரூமுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவரு, மூணே நாள் டீச்சர், ஒண்ணாந்தேதி கணக்கு போனதும் ரெண்டாந்தேதி காலையில விட்டுடலாம்னாரு. ஒண்ணாந்தேதி அந்தப் பொண்ணு கம்பெனிக்குள்ள போயிடும் சார், உள்ள போன புள்ள திரும்பி வந்து நீங்க பார்த்திருக்கீங்களான்னேன். அவரு, உங்க வீட்டுக்காரரை யாரு பார்ப்பான்னு மட்டும் கேட்டாரு. நான் வெளிய வந்து ஆப்பைத் தொறந்தேன். வெண்மதி பேரு வந்துச்சு. பச்சையைத்தான் தட்டுனேன். பொய் சொல்ல மாட்டேன், அன்னிக்கும் பச்சைதான்.

சாயங்காலம் ஊசி போடும்போது அவருகிட்ட சொன்னேன். மனுஷனுக்கு வந்துச்சே கோவம். ஊரான் புள்ளையை ஊட்டி வளர்த்தா தன் புள்ள தானா வளரும்னு உன் பாட்டை ஆரம்பிக்காத, எனக்கு யாரு ஊசி போடறதுன்னாரு. நானும் விடல, இருவது வருஷம் நீங்க பெண்ணாடத்துல இருந்தப்ப எனக்கும் பொண்ணுக்கும் யாரு இருந்தான்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவரு தட்டைத் தள்ளி வெச்சுட்டாரு. இட்லி அப்படியே கெடந்துச்சு. ஊசி போட்டுட்டு சாப்பிடாம இருந்தா சக்கரை எறங்கி ஆளு மயங்கிடும்னு தெரிஞ்சே செய்யறாரு. கெஞ்சி ரெண்டு இட்லி ஊட்டிவிட்டேன்.

புதன்கெழம அஞ்சரைக்கு ஊசிக்குக் கையை நீட்டிக்கிட்டே, அந்தப் பொண்ணு படிச்சதை இன்னொரு தடவை போடுன்னாரு. போட்டேன். பொத்துன்னு சத்தம், புளியமரம், குழி. முடிஞ்சதும் சொன்னாரு.

"எனக்கு பயமா இருக்கு லேகா. இருந்தாலும் அந்தப் புள்ளையை விட்டுடு."

அன்னிக்கு டவுன் பஸ்ஸுல ஒண்ணும் எறக்கல. அண்ணாமலை நகர் வந்துச்சு, போச்சு. நேரா ஹெச்செம் ரூமுக்குப் போயி, அவரு கம்ப்யூட்டர்ல ஒக்காந்து, அவரு பாஸ்வேர்டைப் போட்டு, வெண்மதி பேரைத் தேடி எடுத்தேன். பள்ளியிலிருந்து விடுவிக்கவான்னு கேட்டுச்சு. ஆமான்னு தட்டுனேன். ஓடிபி அவரு போனுக்குத்தான் போவும். மேசை மேல இருந்த போன் ஒரு தடவை துடிச்சுது. அவரு கண்ணாடியைத் தேடுனாரு. கண்ணாடி மூக்கு மேலயே இருந்துச்சு.

"நெஜமாவா டீச்சர்?"

"சொல்லுங்க சார்."

ஆறு நம்பரையும் ஒவ்வொண்ணா, வாய்ப்பாடு ஒப்பிக்கற மாதிரி சொன்னாரு. நான் அடிச்சேன். நூத்தி நாப்பத்தொம்பதுன்னு காட்டுச்சு. மங்கலத்துக்குப் போன் போட்டு, நாளைக்கே லீவு சொல்லிட்டுப் போயி சேத்துடுன்னு சொன்னேன். அவ நல்லா இருங்க டீச்சர்னா. எனக்கு அதைக் கேக்க வெக்கமா இருந்துச்சு, இவ்ளோ நாள் அடைச்சு வெச்சதே நான்தான்னு அவளுக்குத் தெரியாது. சொல்லிடணும்னு வாயைத் தொறந்தேன். லைனு கட்டாயிடுச்சு. மறுபடி போட தைரியம் வரல.

வெள்ளிக்கெழம ஆகஸ்ட் ஒண்ணு. காலையில பேரு படிச்சேன். ஆப்ல இருக்கறபடி படிச்சுக்கிட்டே போனேன். ஜன்னலோரத்துலேர்ந்து அனுப்பிரியா எழுந்துச்சு.

"டீச்சர், வெண்மதி பேரை விட்டுட்டீங்க."

"விடல. அனுப்பிட்டேன்."

அது புரிஞ்சுதோ என்னமோ, ஒக்காந்துக்கிச்சு. நான் மிச்சப் பேரைப் படிச்சேன். பதினொரு மணிக்கு ஹெச்செம் கணக்கை அனுப்பிட்டு, பியூனை விட்டு எனக்கு ஒரு டீ குடுத்து விட்டாரு. பெண்ணாடத்து ஆர்டர் வர ரெண்டு வாரம் ஆவும்னு மத்த டீச்சருங்க பேசிக்கிட்டாங்க. என்னைப் பார்த்ததும் பேச்சை மாத்துனாங்க.

சாயங்காலம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல ஜன்னல் சீட்டு கெடைச்சு ஒக்காந்தப்ப வாய்ஸ் வந்துச்சு. டீச்சர், இன்னிக்கு இங்க பேரு கூப்புட்டாங்க, என் பேரு கடைசியில இருந்துச்சு, நான் எழுந்து உள்ளேன்னு சொன்னேன், எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. அவ்ளோதான். நான் முந்தானையை மூஞ்சியில போட்டுக்கிட்டு ஆலப்பாக்கம் வரைக்கும் அழுதேன். சந்தோஷமா துக்கமான்னு கேக்காதீங்க. அலுப்பு. அம்பத்திரண்டு வயசு அலுப்பு.

வீட்டுக்குள்ள போனப்ப ஏழு இருவது. ஆரோக்கியம்மாள் கூடத்துல ஒக்காந்திருந்தா. அவரே கூப்புட்டு வெச்சிருக்காரு. லேகாவுக்கு தூரமா மாத்தப் போறாங்க, நீதான் கத்துக்கணும்னு சொல்லியிருக்காரு. அவ ஏசப்பான்னு சொல்லிக்கிட்டே கையைக் கழுவிட்டு வந்தா. மருந்தை எப்படி இழுக்கறது, காத்துக் குமிழை எப்படித் தட்டறது, எந்தக் கோடுன்னு காட்டுனேன். ஊசியைக் கையில குடுத்ததும் அவ செவுத்தைத் தேடுனா. இன்னிக்கு நான் போடறேன், நாளைக்குப் பார்த்துக்கலாம்னேன். வேணாம், இன்னிக்கே போடட்டும்னு அவரு சட்டையைத் தூக்கி வயித்தைக் காட்டிக்கிட்டு நேரா ஒக்காந்தாரு.

அவ கண்ணை மூடிக்கிட்டே குத்திட்டா. கோணலா, ஆழமா. அவரு காலு வெரலு மடங்குனதை நான் பார்த்தேன். ஐயோ வலிச்சுதாண்ணேன்னு அவ கேட்டா. அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, பட்டதே தெரியலன்னு சிரிச்சாரு. ஊசியை எடுத்த எடத்துல ரத்தம் ஒரு பொட்டு அளவுக்குக் கசிஞ்சு நின்னுச்சு. அவ கண்ணைத் தொறக்கறதுக்குள்ள நான் பஞ்சை வெச்சு அழுத்திக்கிட்டேன்.